பேட்டரிக் கருவிகளில் டாக் சிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணை வோல்டேஜாக மாற்றித் தரும் சிப்தான் டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர். சுருக்கமாக 'டாக்' என்போம். சுவர் பிளக்கில் ஓடும் கருவியில் இதைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை. நாணய பேட்டரியில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓடவேண்டிய கருவி என்றால் கதையே வேறு. அப்படிப்பட்ட போர்டுகளை வடிவமைக்கும் மாணவர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேட்டரிக் கருவியில் டாக் எதற்கு? சென்சார் படிக்க ஏடிசி போதுமே?

படிக்க, வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி போதும். ஆனால் படிப்பதற்கு முன்னால் சென்சாருக்கு எதையாவது கொடுக்க வேண்டியிருக்கும். குளுக்கோமீட்டரின் பட்டையிலோ, மின்வேதி வாயு சென்சாரிலோ இரு முனைகளுக்கு இடையே துல்லியமான சிறு வோல்டேஜ் நிற்க வேண்டும். பல கருவிகளில் அதை வைப்பது டாக்தான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எல்இடியின் வெளிச்சத்தைத் தோலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பதும், இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிடும் கம்பேரேட்டருக்கு 'இதைத் தாண்டினால் மட்டும் எழுப்பு' என்று எல்லை வைப்பதும் அதே வேலைதான். இந்தக் கடைசிப் பயன்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மைக்ரோகன்ட்ரோலர் முழுத் தூக்கத்தில் இருக்க, டாக்கும் கம்பேரேட்டரும் மட்டும் காவல் காக்கும்.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் 'மிகக் குறைந்த மின்சாரம்' என்று போட்டிருக்கிறது. அதை வைத்தே தேர்ந்தெடுக்கலாமா?

கூடாது. நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயமே இதுதான். முதல் பக்கத்தில் உள்ள எண், சில நிபந்தனைகளின் கீழ் அந்தச் சிப் மட்டும் எடுக்கும் மின்னோட்டம். டிஜிட்டல் பின்கள் எல்லாம் சரியாகச் சப்ளையிலோ கிரவுண்டிலோ நிற்க வேண்டும், அவுட்புட்டில் சுமை இருக்கக் கூடாது, டாக் அளவுகோலாக வைக்கும் வோல்டேஜ் வரும் ரெஃபரன்ஸ் பின்னில் போகும் மின்னோட்டம் பெரும்பாலும் சேர்க்கப்பட்டிருக்காது. உங்கள் போர்டில் இவற்றில் ஒன்றாவது மாறியிருக்கும். அவுட்புட்டில் 10 கிலோஓம் சுமை இருந்து, அதில் 2 வோல்ட் நின்றால், 200 மைக்ரோஆம்பியர் அங்கேயே போய்விடும். 5 மைக்ரோஆம்பியர் சிப் தேடி ஒரு வாரம் அலைந்ததற்குப் பயனே இல்லாமல் போகும்.

அப்படியானால் பேட்டரி எத்தனை நாள் வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மின்னோட்டத்தை வைத்து மட்டும் யோசிக்காதீர்கள். ஒரு சுற்று வேலைக்கு எவ்வளவு மின்னூட்டம் செலவாகிறது என்று மைக்ரோகூலூமில் எண்ணுங்கள். ஒரு மைக்ரோஆம்பியர் ஒரு வினாடி ஓடினால் ஒரு மைக்ரோகூலூம். கணக்கு அவ்வளவு எளிது.

எடுத்துக்காட்டாகப் பலரும் பயன்படுத்தும் எம்சிபி4725 சிப்பை எடுத்துக்கொள்வோம். 12 பிட், ஐ2சி (இரண்டு கோடுகளில் எண்ணை அனுப்பும் முறை), சப்ளையையே ரெஃபரன்ஸாகக் கொள்ளும் சிப். விழித்திருக்கும்போது வழக்கமாக 210 மைக்ரோஆம்பியர், தூக்கத்தில் 60 நானோஆம்பியர். சிஆர்2032 நாணய பேட்டரியில் சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது. சிப்பை எப்போதும் விழித்தே வைத்திருந்தால் 1,070 மணி நேரம், அதாவது ஒன்றரை மாதம்கூட வராது. இதைப் பார்த்ததும் பலர் இந்தச் சிப்பை ஒதுக்கிவிடுவார்கள்.

இப்போது அதே சிப்பை 10 வினாடிக்கு ஒருமுறை மட்டும் எழுப்புவோம். வோல்டேஜ் வைத்து, 5 மில்லிவினாடி அளந்து, மறுபடி தூங்க வைக்கிறோம். விழித்திருந்த செலவு 1.05 மைக்ரோகூலூம். ஐ2சி கோடுகளை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர்களில் ஒரு முறை எழுதுவதற்குச் சுமார் 0.2, எழுப்பவும் தூங்க வைக்கவும் இரண்டு முறை என்றால் 0.4. தூக்கத்தில் 10 வினாடிக்கு 0.6. மொத்தம் இரண்டு மைக்ரோகூலூம். சராசரி 0.2 மைக்ரோஆம்பியர்! '210' என்று பயமுறுத்திய சிப், பேட்டரியின் ஆயுளில் கண்ணுக்கே தெரியாத செலவாகிவிட்டது. விழித்திருந்த நேரத்துக்கும் தூங்கிய நேரத்துக்கும் செலவில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் கவனியுங்கள். இன்னும் அரிதாக எழுப்பினால் தூக்கச் செலவே முதலிடத்துக்கு வந்துவிடும்.

கம்பேரேட்டர் காவல் போல அவுட்புட் ஒரு நொடிகூட அணையக் கூடாத வேலைக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே எப்போதும் விழித்திருந்தும் சொற்பமாகக் குடிக்கும் சிப் வேண்டும். எல்டிசி1662 இந்த வகை. உள்ளே இரண்டு 10 பிட் டாக், ஒவ்வொன்றும் 1.5 மைக்ரோஆம்பியர். இரண்டும் சேர்ந்து எப்போதும் ஓடினாலும் அதே நாணய பேட்டரியில் கணக்குப்படி எட்டரை வருடம். அதற்குள் பேட்டரி தானாகவே கொஞ்சம் வடிந்துவிடும் என்பது வேறு விஷயம். இந்த வகைச் சிப்களுக்கு வேகம் குறைவு. புது எண்ணுக்கு அவுட்புட் சென்று நிலைக்கச் சில நூறு மைக்ரோவினாடி எடுக்கும். எம்சிபி4725 அதை 6 மைக்ரோவினாடியில் முடித்துவிடும்.

உள்ளே எப்படி வேலை செய்கிறது? எந்த அமைப்பு குறைவாகக் குடிக்கும்?

இரண்டு அமைப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது ரெசிஸ்டர் சரம். ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர்களை வரிசையாகக் கோர்த்து, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சுவிட்ச். 8 பிட்டுக்கு 256 ரெசிஸ்டர். 12 பிட்டுக்கு 4,096. நீங்கள் அனுப்பும் எண் எந்த முடிச்சோ, அந்தச் சுவிட்ச் மூடும். இதில் ஓர் அழகு உண்டு. ஏணியில் மேல்படி எப்போதும் கீழ்ப்படியைவிட உயரம்தான். ஆகவே எண் கூடினால் வோல்டேஜ் ஒருபோதும் குறையாது. தானே திருத்திக்கொள்ளும் கன்ட்ரோல் லூப்பில் இது உயிர்நாடி. எண் கூடும்போது வோல்டேஜ் இறங்கிவிட்டால் லூப் அந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நிற்கும். சரத்தின் மொத்த மின்தடையை 100 கிலோஓம் அளவுக்கு உயர்த்திவிட்டால் அதில் ஓடும் மின்னோட்டமும் குறையும், எண் எதுவாக இருந்தாலும் மாறாது. குறைந்த மின்சார டாக்குகளில் பெரும்பாலும் இதைப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது ஆர்-2ஆர் ஏணி. இரண்டே மதிப்பு ரெசிஸ்டர்களால் எத்தனை பிட்டும் கட்டலாம், துல்லியம் நன்றாக வரும். ஆனால் அவுட்புட் வோல்டேஜாக இருக்கும் அமைப்பில், ரெஃபரன்ஸிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் எண்ணுக்கு எண் மாறும். பலவீனமான ரெஃபரன்ஸ் என்றால் அது ஆடும். இன்னொன்று, எண் பாதியைத் தாண்டும் இடத்தில் எல்லா பிட்டும் ஒரே நேரத்தில் புரள்வதால் அவுட்புட்டில் ஒரு சிறு முள் எழும்பும்.

எந்த அமைப்பானாலும் கடைசியில் நின்று சுமைக்கு மின்னோட்டம் தரும் பஃபர் ஆம்ப்ளிஃபையர்தான் சிப்பின் மின்சாரத்தில் பெரும்பங்கைக் குடிக்கிறது. உங்கள் சுமை வெறும் கம்பேரேட்டர் இன்புட் என்றால், பஃபர் இல்லாத சிப்பையும் யோசித்துப் பாருங்கள்.

எத்தனை பிட் எடுக்கலாம்?

தேவைக்கு மேல் வேண்டாம். 3 வோல்ட் வீச்சில் 8 பிட்டுக்கு ஒரு படி 11.7 மில்லிவோல்ட். எல்இடி வெளிச்சத்துக்கு அதுவே தாராளம். சென்சாருக்குக் கொடுக்கும் நிலையான வோல்டேஜுக்கு (பயஸ்) 10 அல்லது 12 பிட். 2.5 வோல்ட் வீச்சில் 12 பிட்டின் ஒரு படி 0.61 மில்லிவோல்ட்.

'ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் இரைச்சல் கூடாதா?' என்ற கேள்வி நியாயமானது. கூடும். 100 கிலோஓம் ரெசிஸ்டர், 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் சுமார் 4 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். 12 பிட்டின் ஒரு படிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. 16 பிட்டில் படி 38 மைக்ரோவோல்ட்தான் என்பதால், அங்கே போகும்போது பஃபரின் இரைச்சலையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ரெஃபரன்ஸ் தனியாக வேண்டுமா, சப்ளையே போதுமா?

முதலில் உங்கள் ஏடிசி எதை அளவுகோலாக வைத்திருக்கிறது என்று பாருங்கள். டாக்கும் ஏடிசியும் ஒரே சப்ளையை அளவுகோலாக வைத்து, அளக்கப்படும் பொருள் விகிதமாக மட்டும் நடந்துகொண்டால், பேட்டரி இறங்கினாலும் கணக்கு மாறாது. இரண்டும் சேர்ந்தே இறங்கும். அப்போது ரெஃபரன்ஸ் தேவையில்லை.

மின்வேதி சென்சாருக்கு உண்மையான வோல்ட் வேண்டும். அங்கே தனி ரெஃபரன்ஸ்தான் வழி. இந்த இடத்தில் நடக்கும் தவறுகளைப் போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. டிராயரில் கிடக்கிறது என்று டிஎல்431 எடுத்துப் போடுவார்கள். நல்ல சிப்தான், ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய 1 மில்லிஆம்பியர் ஓட வேண்டும். நாணய பேட்டரி ஒன்பது நாளில் முடிந்தது. ரெஃப்33 வரிசை போன்றவை 4 மைக்ரோஆம்பியருக்கும் கீழே ஓடும். இந்தக் கருவிகளுக்கு அவைதான் பொருந்தும்.

ரெஃபரன்ஸையும் வேலை முடிந்ததும் அணைக்கலாமே என்று தோன்றும். அதன் அவுட்புட்டில் என்ன கெப்பாசிட்டர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை ஒவ்வொரு முறையும் 2.5 வோல்ட்டுக்கு நிரப்ப 25 மைக்ரோகூலூம் வேண்டும். 3.9 மைக்ரோஆம்பியர் ரெஃபரன்ஸை 10 வினாடி அணைக்காமலே விட்டால் 39. கஷ்டப்பட்டு அணைத்து எழுப்பியும் மிச்சம் 14தான். ஆறு வினாடிக்கு ஒருமுறை எழுப்புகிறீர்கள் என்றால் அணைப்பதே நஷ்டம். அதே இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட் போதும் என்று ரெஃபரன்ஸின் டேட்டாஷீட் அனுமதித்தால் நிரப்பும் செலவு 0.25 ஆகிவிடும், அப்போது தாராளமாக அணைக்கலாம். ஒரு கெப்பாசிட்டரின் மதிப்பு பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிக்கும் இந்த மாதிரி இடங்களைத் தேடிப் பிடிப்பதில்தான் இந்த வேலையின் சுவை இருக்கிறது.

ஐ2சியா, எஸ்பிஐயா?

இரண்டும் மைக்ரோகன்ட்ரோலர் டாக்கோடு பேசும் முறைகள். அரிதாக எழுதினால் எதுவானாலும் சரி. அடிக்கடி எழுதினால் எஸ்பிஐ. ஐ2சியில் 4.7 கிலோஓம் புல்-அப் என்றால், கோடு கீழே இழுக்கப்படும் ஒவ்வொரு கணமும் 3 வோல்ட்டில் 0.64 மில்லிஆம்பியர் ஓடுகிறது. ஏதோ ஒரு சிப் தடுமாறி டேட்டா கோட்டைக் கீழே பிடித்துக்கொண்டே நின்றுவிட்டால், அந்த மின்னோட்டம் இரவு பகலாக ஓடும். எஸ்பிஐயில் இந்தத் தொல்லை கிடையாது.

எம்சிபி4725 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குள் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) உண்டு, மின்சாரம் வந்ததும் எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்பதை அதில் எழுதி வைக்கலாம். ஒவ்வொரு முறை எண்ணை மாற்றும்போதும் அதில் எழுதும்படி புரோகிராம் இருந்தால், எழுதி முடியப் பல மில்லிவினாடி ஆகும், ஈஈப்ராமும் தேயும். ரெஜிஸ்டரில் மட்டும் எழுதும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

டாக்கைத் தூங்க வைத்தால் அவுட்புட் பின் என்ன ஆகும்?

சிப்புக்குச் சிப் வேறு. பெரும்பாலானவற்றில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: 1 கிலோஓம் வழியாகக் கிரவுண்டுக்கு, 100 கிலோஓம் வழியாக, அல்லது இன்னும் பெரிய மின்தடை வழியாக. சிலவற்றில் பின் முழுதாகக் கழன்றது போல நிற்கும். அந்தப் பின் சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட்டை ஓட்டுகிறது என்றால் 1 கிலோஓம் வழியைத் தேர்ந்தெடுங்கள். கேட் அந்தரத்தில் நின்றால் மாஸ்ஃபெட் பாதி திறந்தபடி இருந்து பேட்டரியைத் தின்னும்.

தூங்க வைப்பதற்குப் பதில் டாக்கின் சப்ளையையே சுவிட்ச் போட்டுத் துண்டித்தால் செலவு பூஜ்யம் ஆகிவிடாதா?

ஆகும் என்றுதான் நானும் நம்பினேன். ஒரு சென்சார் போர்டில், டாக்கின் சப்ளையை மாஸ்ஃபெட் வழியாகக் கொடுத்து, தூங்கும்போது துண்டித்தேன். மொத்தமும் 2 மைக்ரோஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் 300-ஐத் தாண்டிக் காட்டியது. மாஸ்ஃபெட்டை மாற்றினேன், கெப்பாசிட்டர்களைக் கழற்றினேன், ஃப்ளக்ஸ் கசிவோ என்று போர்டைக் கழுவினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் டாக்கின் சப்ளை பின்னிலேயே மீட்டரின் முனையை வைத்தேன். துண்டிக்கப்பட்ட பின்னில் 2.4 வோல்ட்!

3 வோல்ட்டுக்கு 0.6 குறைவு. அந்த 0.6-ஐப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, நடுவில் ஒரு டையோடு. எஸ்பிஐயில் டாக்கைத் தேர்ந்தெடுக்கும் சிப்-செலக்ட் கோடு தூக்கத்திலும் 3 வோல்ட்டில் நின்றிருந்தது. பெரும்பாலான சிப்களில் ஒவ்வொரு டிஜிட்டல் பின்னிலும் நிலைமின்னிலிருந்து காக்க, சப்ளையை நோக்கி ஒரு டையோடு உள்ளேயே இருக்கும். அதன் வழியாகக் கோட்டிலிருந்து மின்சாரம் ஏறி, டாக் பின்வாசலில் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. சப்ளையைத் துண்டிக்கும் முன் எல்லாக் கோடுகளையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுவேன். ஐ2சி என்றால் புல்-அப் ரெசிஸ்டர்களையும் துண்டிக்கப்படும் சப்ளையிலேயே கட்டுவேன். சப்ளையைத் துண்டிக்காமல் கட்டளையால் மட்டும் தூங்க வைக்கும்போது நிலைமை வேறு. அப்போது கோடுகள் மேலேயோ கீழேயோ உறுதியாக நிற்க வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் பின்னை இன்புட்டாக மாற்றி அந்தரத்தில் விட்டால், டாக்கின் இன்புட் நடு வோல்டேஜில் மிதக்கும். உள்ளே மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒருசேரப் பாதி திறந்து, சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு நேர்வழி போட்டுவிடும்.

மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே டாக் இருந்தால் வெளியே எதற்கு?

இருந்தால் முதலில் அதை முயன்று பாருங்கள். எஸ்டிஎம்32எல்4 வரிசையில் பலவற்றில் 12 பிட் டாக் உண்டு. அதில் சாம்பிள்-ஹோல்ட் முறை என்று ஒன்று இருக்கிறது, மைக்ரோகன்ட்ரோலர் ஸ்டாப் நிலையில் தூங்கும்போதும் டாக் அவ்வப்போது மட்டும் விழித்து வெளிக் கெப்பாசிட்டரைப் புதுப்பித்துக்கொள்ளும். பழைய ஈஎஸ்பி32-இல் இரண்டு 8 பிட் டாக் இருக்கின்றன, ஈஎஸ்பி32-எஸ்3-இலும் சி3-இலும் இல்லை. ஏடிமெகா328பி, ஆர்பி2040 இரண்டிலும் டாக் கிடையாது.

பிடபிள்யூஎம்மோடு ஒரு ஆர்சி ஃபில்டர் போட்டால்?

பின்னை வேகமாக மாற்றி மாற்றி ஆன்-ஆஃப் செய்து (பிடபிள்யூஎம்), ரெசிஸ்டர்-கெப்பாசிட்டரால் சராசரியாக்குவது மெதுவாக மாறும் வோல்டேஜுக்குப் போதும். விலை எங்கே என்றால், கிளாக் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆழ்ந்த தூக்கத்திலும் ஓடும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கை வைத்து 8 பிட் செய்தால் பிடபிள்யூஎம் 128 ஹெர்ட்ஸ்தான் வரும். அலை அரைப் படிக்குள் அடங்க ஆர்சி ஒரு வினாடி வேண்டும், அதாவது 1 மெகாஓமும் 1 மைக்ரோஃபாரடும். முழு வீச்சில் எண்ணை மாற்றினால் நிலைக்க ஆறு வினாடிக்கு மேல் ஆகும். அதைப் பொறுத்துக்கொள்ளும் வேலையா என்று பாருங்கள்.

டாக்கை அணைத்துவிட்டு வோல்டேஜைக் கெப்பாசிட்டரில் பிடித்து வைக்கலாமா?

நடுவில் சுவிட்ச் இருந்தால் முடியும். 1 மைக்ரோஃபாரடில் 1 நானோஆம்பியர் கசிந்தால் வினாடிக்கு 1 மில்லிவோல்ட் இறங்கும். 12 பிட் துல்லியம் வேண்டுமானால் அரை வினாடிக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். எக்ஸ்7ஆர் வகைச் செராமிக் கெப்பாசிட்டர் பழைய வோல்டேஜை நோக்கிக் கொஞ்சம் திரும்ப ஊரும் என்பதால் ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்கள்.

ஆடியோ டாக்குக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கொஞ்சம்தான். ஆடியோ டாக் பெரும்பாலும் டெல்டா-சிக்மா என்ற வேறு வகை, பாட்டு ஓடும் வரை தூங்கவே முடியாது. அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி ஹெட்ஃபோனையோ ஸ்பீக்கரையோ ஓட்டும் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது.

பேட்டரி தீரும் நேரத்தில் டாக் எப்படி நடந்துகொள்ளும்?

சிஆர்2032 பெரும்பகுதி நாட்கள் 3 வோல்ட்டை ஒட்டி நின்று, கடைசியில் 2 வோல்ட் வரை இறங்கும். 2.7 வோல்ட் வேண்டும் என்று கேட்கும் சிப், பேட்டரியில் மீதம் இருக்கும்போதே கைவிட்டுவிடும். குளிரில் இன்னும் சீக்கிரம். 1.8 வோல்ட்டில் ஓடும் சிப்பை எடுத்தால் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தலாம்.

தீர்ந்துகொண்டிருக்கும் நாணய பேட்டரியின் உள்மின்தடையும் ஏறிக்கொண்டே போகும். 30 ஓம் என்று வைத்தாலும், ரேடியோ 10 மில்லிஆம்பியர் இழுக்கும்போது சப்ளை 0.3 வோல்ட் குழியும். சப்ளையையே ரெஃபரன்ஸாக வைத்த டாக்கின் அவுட்புட்டும் அதே விகிதத்தில் குழியும். ரேடியோ பேசும் நேரத்தில் அளக்காதீர்கள்.

இவ்வளவு சிறிய மின்னோட்டத்தை எதை வைத்து அளப்பது?

சாதாரண மல்டிமீட்டரே போதும், ஒரு தந்திரம் வேண்டும். பல மீட்டர்களின் மைக்ரோஆம்பியர் வீச்சில் உள்ளே 100 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். போர்டு விழித்து 10 மில்லிஆம்பியர் இழுத்தால் அதில் 1 வோல்ட் விழுந்து மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடும். மீட்டருக்குப் பின்னால், போர்டின் சப்ளைக்குக் குறுக்கே 1,000 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். திடீர் இழுப்பை அது தாங்கிக்கொள்ளும், மீட்டர் சராசரியைக் காட்டும். அந்தக் கெப்பாசிட்டரும் கசியும் என்பதால், முதலில் போர்டைக் கழற்றிவிட்டு அதை மட்டும் அளந்து, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் கொடுத்தவுடன் கசிவு அதிகமாகத் தெரியும், நேரம் போகப் போக இறங்கும். ஒரு மணி நேரமாவது அப்படியே விட்டுவிட்டு அளங்கள்.